ஓர் அணிக்கு இரண்டு மெழுகுதிரி

என் மகள் வேலை செய்யும் உதைபந்தாட்ட அணி தோற்கவேண்டும் என்று மாதக்கணக்காக நான் ஆசைப்பட்டேன். மனைவிக்கு இதைச் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. மாதாவுக்கு மட்டும் சொன்னேன். அதுவும் நேரே சொல்ல வெட்கப்பட்டு, சுற்றி வளைத்து.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஹம் நகரத்தில். நான் கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை செய்கிறேன். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே ஒரு மகள். பிசியோதெரபி படித்து முடித்தாள், கெல்சென்கிர்ச்சனில் வேலையும் கிடைத்தது, ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் டுசல்டோர்ஃபுக்குப் போய் ஜப்பானிய மொழி படித்தாள். அந்த நகரத்தில் ஜப்பான்காரர் நிறையப்பேர் இருக்கிறார்கள், சின்ன வயதில் வாசித்த படக்கதைகளை மூலத்தில் வாசிக்க ஆசைப்படுகிறாள் போலும் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அங்கேதான் நான் கோட்டை விட்டது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஜப்பானில வேலை கிடைச்சிட்டுது. ஒரு ஃபுட்பால் கிளப்பில."

"எந்த கிளப்?" என்று கேட்டேன், ஏதோ ஜப்பானிய அணிகள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை மாதிரி.

"உங்களுக்குத் தெரியாது. ஜப்பான்காரருக்கே தெரியாது."

"முதலாம் பிரிவோ?"

"மூண்டாம் பிரிவு. அதிலயும் கீழ."

மனைவி கறிச்சட்டியைக் கிண்டியபடியே சொன்னாள்: "கீழ எண்டால் நல்லதுதானே. கனக்க அடி வாங்குவாங்கள். பிள்ளைக்கு வேலை இருக்கும்."

போகாதே என்று நான் சொல்லவும் முடியாது. பத்தொன்பது வயதில் கொழும்பில் விமானம் ஏறியவன் நான். வந்து சேர்ந்ததை அம்மாவுக்கு எழுதியது மூன்று மாதம் கழித்து. நான் வாய் திறந்தால் மகள் அதைத்தான் எடுத்து வைப்பாள்.

அவள் போன முதல் வருடம் பெரிய கரைச்சல் இல்லாமல் கழிந்தது. இரண்டாவது வருடம், ஆட்டப்பருவம் தொடங்கிச் சில வாரங்களில், அவள் இருந்த கடற்கரைப் பக்கத்தில் நிலம் நடுங்கியது. நான் தொழிற்சாலையில் நின்றேன். வானொலியில் அந்த நகரத்தின் பெயர் கேட்டது. ஜெர்மன் வானொலியில் அந்தப் பெயரை அதற்கு முதல் ஒருபோதும் நான் கேட்டதில்லை. அழைத்தேன். மணி போகவில்லை. ஐந்து மணித்தியாலம் போகவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போ என்று மேற்பார்வையாளர் சொன்னார். வீட்டுக்கு வந்தால் மனைவி மேசையில் தன் தொலைபேசியை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே என் தொலைபேசியை வைத்தேன்.

கடைசியில் மகளே அழைத்தாள்.

"அப்பா, நான் நல்லா இருக்கிறன். ஃபோனில சார்ஜ் இல்லை. ஆக்களை ஏத்தி இறக்கிக்கொண்டு நிண்டனான்."

"எந்த ஆக்களை?"

"வயசான ஆக்களை. கிளப் பஸ்ஸில. எங்கட உடற்பயிற்சி மண்டபத்திலதான் இப்ப முழுப்பேரும் படுக்கினம். அப்பா, அழுறீங்களோ?"

"இல்லை. தடிமன், மூக்கு அடைச்சிருக்கு."

அன்றிலிருந்து என் தொலைபேசி ஒலித்தால் கை நடுங்குகிறது. இன்றைக்கும் நடுங்குகிறது. மருத்துவரிடம் சொன்னேன், நேரம் எடுக்கும் என்றார்.

ஒரு விஷயத்தில் பயம் வந்துவிட்டால் அதன் வரலாற்றைத் தேடிப் படிப்பது என் பழக்கம். ஊரில் உயர்தரப் பரீட்சைக்கு வரலாறு எடுத்தவன். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை இந்த நாட்டு மன்னர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது மகளின் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அவர்களுடைய இணையதளத்தில் நீண்ட வரலாற்றுப் பக்கம் ஒன்று இருந்தது. தொலைபேசி அதை ஜெர்மனுக்கு மாற்றித் தரும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அச்சடித்துக் கொடுக்கும் நாலு பக்கத் தாள். கப்பல்களுக்கு வர்ணம் பூசி ஓய்வு பெற்ற எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் அதன் கடைசிப் பக்கத்தில் கழகத்தின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வந்தார். மகள் அதைப் படம் பிடித்து அனுப்புவாள், ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் தமிழில் சொல்லுவாள்.

கதை ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் தொடங்குகிறது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வர்ணம் பூசுகிறவர்களும் இரும்பு ஒட்டுகிறவர்களும் பந்து விளையாடுவார்கள். தோற்ற பக்கம் பின்னேரம் வர்ணத் தகரங்களைச் சுமக்கவேண்டும். சீருடை கிடையாது. எல்லாருடைய பெனியனிலும் கப்பலின் அடிப்பக்கத்துக்குப் பூசும் செங்காவி வர்ணம் தெறித்திருக்கும். அதுதான் இன்றைக்கும் அணியின் நிறம். பிறகு நிறுவனம் அவர்களைத் தன் அணியாக்கிக்கொண்டது. பல வருடம் கழித்து, அறிவித்தல் பலகையில் இரண்டு வரி ஒட்டி, அணியைக் கலைத்தும்விட்டது.

அன்று பின்னேரம் பதினொரு ஆட்டக்காரர்களும் அவர்களுடைய பஸ் சாரதியும் ஊர்ப் பொதுக் குளியலறையில் வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து, நாங்களே நடத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். பெரியவரும் அதில் ஒருவர். 'எங்களில் ஒருவரிடமும் அப்போது சட்டைப்பை இல்லை, ஆகவே யாரும் காசைப்பற்றிக் கேட்கவில்லை' என்று எழுதியிருந்தார். மகள் இதை வாசித்தபோது சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

மேலே வருவதற்கு அவர்கள் பட்ட பாடு அதைவிடப் பெரிய கதை. வட்டார அணிகள் மேல் பிரிவுக்கு ஏறும் போட்டியில் மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடவேண்டும், நடுவில் ஓய்வு நாள் இல்லை. முதல் வருடம் மூன்றாம் நாள் எல்லாருக்கும் கால் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வருடம் இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டது. மூன்றாம் வருடம் மழை பெய்து மைதானம் சேறாகிவிட, எதிரணிக்கும் கால் பிடித்துக்கொண்டது. ஏறிவிட்டார்கள். பிறகும் சில வருடம் கழித்துத்தான் தொழில்முறைப் பிரிவுக்கு வந்தார்கள். அங்கே முதல் ஆட்டத்தில் ஆறுக்குப் பூச்சியம். தோற்ற பிறகு ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று பார்வையாளருக்குக் குனிந்து வணங்கினார்கள். பார்வையாளர்கள் எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னார்கள்.

கழகத்தின் அதிர்ஷ்டச் சின்னம் ஒரு கருவாடு. பகிடி இல்லை. நடுவால் பிளந்து காயவைத்த மீன், இரண்டு கால், இரண்டு கை, சிரித்த முகம். அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் மைதானத்தைச் சுற்றி ஓடுவார். நான் மன்னார் ஆள், கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவன். முதல் தரம் அதைக் கண்டபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இஞ்ச பாரும், கருவாட்டை ஓட விட்டிருக்கிறாங்கள்."

"நல்லாக் காயேல்லை," என்றாள்.

நிலநடுக்கத்தில் அவர்களுடைய மைதானம் வெடித்துப்போயிற்று. மண்டபத்தில் சனம் தங்கியிருந்தது. அணி எல்லா ஆட்டங்களையும் வெளியூரில் ஆடி, ஒவ்வொன்றாகத் தோற்று, கோடை வரும்போது பட்டியலின் அடியில் போய் நின்றது. மூன்றாம் பிரிவில் கடைசியாக முடிக்கும் அணி தொழில்முறை ஆட்டத்தை விட்டே கீழே போகவேண்டும். மகளின் ஒப்பந்தம் அந்த வருட முடிவோடு தீர்கிறது. அணி தப்பினால் இன்னும் இரண்டு வருடம். விழுந்தால் பிசியோதெரபிஸ்ட் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை, அவள் வீட்டுக்கு வருவாள்.

நான் ஏன் தோல்வியை விரும்பினேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

ஆகஸ்ட் மாதம், எல்லா வருடமும் போல, கேவெலார் என்ற யாத்திரைத் தலத்துக்கு மாதாவிடம் போனோம். ஜெர்மனியின் எல்லா மூலையிலிருந்தும் தமிழர்கள் வரும் நாள் அது. வாகனத் தரிப்பிடத்தில் புட்டுப் பார்சல் திறந்திருந்தது, பிள்ளைகள் ஜெர்மனில் சண்டை பிடித்தார்கள், தாய்மார் தமிழில் பிரித்து வைத்தார்கள். நானும் மனைவியும் ஆளுக்கொரு மெழுகுதிரி வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றினோம்.

நான் மனதுக்குள் சொன்னேன்: 'தாயே, அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு குறையும் வரவேண்டாம். ஆனால் கொஞ்சம் கீழே இருந்தால் அவர்களுக்கும் ஓய்வாக இருக்கும். என் மகள் வந்து சேரட்டும். வந்தால் அடுத்த வருடம் இங்கே வரும் வழியில் கடைசிப் பத்துக் கிலோமீற்றர் வெறுங்காலோடு நடந்து வருகிறேன்.'

"என்ன நேர்த்தி வைச்சனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"முழங்கால் நோ."

"உங்களுக்கு எப்ப முழங்கால் நொந்தது?"

"வரப்போகுது போல கிடக்கு. நீர் என்ன நேர்ந்தனீர்?"

"அது சொல்லக்கூடாது," என்றாள், என்னைப் பார்க்காமல்.

அந்த ஆட்டங்கள் ஜப்பானில் மத்தியானம் நடக்கும். எங்களுக்குக் காலை ஏழு மணி. சனி ஞாயிறுகளில் தேநீரோடு உட்கார்ந்துவிடுவேன். தோல்வியைப் பார்ப்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி, பிறந்தது கெல்சென்கிர்ச்சனில். சுவருக்குள்ளால் என் தொலைக்காட்சியின் சத்தம் கேட்டு ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். அடுத்த கிழமை தன் நாற்காலியோடு வந்தார். அவர் சொன்னதெல்லாம் ஜெர்மனில். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"இது எங்கட சுரங்க அணி மாதிரியல்லோ," என்றார், குளியல் தொட்டிக் கதையைச் சொன்னபோது. "நாங்களும் குளிக்கிற இடத்திலதான் எல்லா முடிவும் எடுத்தது. உடுப்பில்லாமல் நிக்கேக்குள்ள மனுசன் பொய் சொல்லமாட்டான்."

அவர் முன்னால் நான் தோல்வியை விரும்புவதாகக் காட்டமுடியவில்லை. கோல் விழுந்தால் அவரோடு சேர்ந்து தலையில் கை வைத்தேன். ஒரு மாதத்தில் ஆட்டக்காரர்களின் இலக்கங்கள் பாடமாகிவிட்டன. நாலாம் இலக்கம் பின்வரிசையில் ஆடுகிறவர், முப்பத்தாறு வயது, காலையில் மீன் சந்தையில் வேலை. நிலநடுக்க நாளில் கிழவர்களை முதுகில் சுமந்து படியேறி இறங்கியதில் தொடைத் தசை கிழிந்துவிட்டது. மாதக்கணக்காக மகள் அதைத்தான் பார்த்து வந்தாள். அழைப்பில் அவள் தன் சுகம் சொல்லமாட்டாள். "என்ர தொடை இண்டைக்கு ஓடினது அப்பா!" என்பாள்.

"பொம்பிளைப்பிள்ளை கதைக்கிற கதையே இது?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

செப்டம்பரில் அந்தத் தொடை திரும்ப ஆடத் தொடங்கியது. அணி ஒன்றில் வென்றது, ஒன்றில் சமன் செய்தது. எனக்குள் ஏதோ குழம்பத் தொடங்கியது. ஒக்டோபரில் வந்த தாளில் பெரியவர் எழுதிய பத்தியை மகள் மெதுவாக வாசித்துக் காட்டினாள்:

"'இந்தக் கழகத்தின் வரலாற்றில் இவ்வளவு தூரத்தில் ஒரு ஆதரவாளர் இருந்ததில்லை. எங்கள் பிசியோதெரபிஸ்டின் தந்தை ஜெர்மனியில் இருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் காலையில் எழும்பிப் பார்க்கிறார். ஒன்றையும் தவறவிட்டதில்லை. நாங்கள் தோற்கும்போதும் பார்க்கிறார். அவருக்கு நன்றி.'"

தொலைபேசியைக் காதிலிருந்து விலக்கி மூக்கைச் சிந்தினேன்.

"அப்பா? லைன் இருக்கோ?"

"இருக்கு."

"நான்தான் அவருக்குச் சொன்னனான். நீங்கள் அவையின்ர வரலாற்றில வந்திட்டீங்கள். சந்தோசம் இல்லையோ?"

"தடிமன்," என்றேன்.

நான் படித்த வரலாறுகளில் எவ்வளவோ துரோகிகளைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் நன்றி சொல்லி அச்சடித்துக் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு. ஏழு மணிக்குத் தொலைக்காட்சியைத் திறந்தால் ஆட்டம் பாதி முடிந்துவிட்டது. எங்களுக்கு முதல்நாள் இரவு மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்திருந்தார்கள், ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. கையில் தேநீரோடு நின்றுகொண்டே மனைவியைத் திட்டினேன், மணிக்கூட்டைத் திட்டினேன், ஐரோப்பா முழுவதையும் திட்டினேன்.

"ஒரு மணித்தியாலம்தானே," என்றாள் அவள்.

"'ஒண்டையும் தவறவிட்டதில்லை' எண்டு எழுதியிருக்கு! அச்சில கிடக்கு!"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் என்னை விளங்கியது. முதல் பாதியில் அவர்கள் போட்ட ஒரே கோலை நான் பார்க்கவில்லை என்பதற்காக அன்று முழுக்க மனம் சரியில்லாமல் இருந்தேன்.

கடைசி ஆட்டம் நவம்பரில், எங்களுக்குக் காலை ஆறு மணி. ஒரு புள்ளி எடுத்தால் அணி தப்பும், தோற்றால் கீழே. முதல்நாள் மகள் அழைத்தாள்.

"அப்பா, ஒண்டு கேக்கட்டே? இவை விழுந்தால் நான் வீட்டை வாறன். உங்களுக்கு அது நல்லதுதானே?"

ஆறு மாதமாக நான் காத்திருந்த கேள்வி. ஓம் என்று ஒரு சொல் போதும்.

"உன்ர தொடை நாளைக்கு ஆடுமோ?" என்று கேட்டேன்.

"ஆடும்."

"அப்ப சரி. போய்ப் படு."

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கழுத்துத் துணியும் பேக்கரியில் சுடச்சுட வாங்கிய ஒரு பை பாணுமாக வந்தார். தன் அணி முதலாம் பிரிவில் இருந்து விழுந்த நாளில் அதே துணியைக் கட்டியிருந்தாராம். அதைக் கழற்றச் சொன்னேன். கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தார். எங்கள் மைதானம் மூன்று கிழமைக்கு முன்தான் திருத்தித் திறந்திருந்தது. எங்கள் என்று எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும். கருவாடு ஓடியது. பார்வையாளருக்குள் பெரியவரைத் தேடினேன், எல்லாத் தலையும் வெள்ளையாக இருந்தது.

பத்தாம் நிமிடத்தில் எங்களுக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு ஒரு மூலை உதையில் எங்கள் பக்கம் திருப்பி அடித்தது. ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு எதிரணி எங்கள் கோல் வாசலிலேயே குடியிருந்தது. தொண்ணூறாவது நிமிடத்தில் பந்து கோல்காரரைத் தாண்டி உருண்டு உள்ளே போகிறது. நாலாம் இலக்கம் எங்கிருந்தோ ஓடிவந்து, சறுக்கி, கோட்டின்மேல் வைத்து அதை வெளியே தள்ளினார். பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். கோட்டுக்கு வெளியிலிருந்து பையோடு ஓடிவந்தது என் மகள். திரையில் ஒரு விரல் அளவுதான். அவள் அவருடைய காலைத் தூக்கித் தன் தோளில் வைத்து அழுத்தினாள். அந்த நிமிடம் அவள் முகத்தில் பயமே இல்லை.

அவர் எழும்பினார். விசில் ஊதியது. சமநிலை.

நான் கதிரையில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியாது. தேநீர் கம்பளத்தில் ஊற்றுப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அழுதுகொண்டு பாண் தின்றார்.

மனைவி கீழே இருந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "முழங்காலுக்கு நேர்ந்த ஆள் நல்லாத்தான் ஏறி நிக்கிறியள்."

இறங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்ட் மாதம் என்ன கேட்டேன், ஏன் கேட்டேன், பெரியவருடைய தாளை வாசித்த நாளில் இருந்து எப்படித் தூக்கம் கெட்டது. அவள் கோபப்படவில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"பிள்ளை எனக்கு ஜூலையிலயே ஃபோன் எடுத்துச் சொன்னவள், 'அம்மா, எங்கட கிளப் தப்ப ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ' எண்டு. நான் அதுக்குத்தான் கொளுத்தினது. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில எரிஞ்சிருக்கு. மாதா பாவம், என்ன செய்யிறது? ஒண்டுக்கு ஒண்டு குடுத்திட்டா."

"உமக்குப் பயம் இல்லையோ?" என்று கேட்டேன். "திரும்பவும் நிலம் நடுங்கினால்?"

"இருக்கு. உங்களைவிடக் கூட இருக்கு. ஆனால் பிள்ளை வேலையில்லாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்து இருக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது."

கம்பளத்தைத் துடைக்கத் துணி எடுத்தேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

"அது சரி, நீர் என்ன நேர்ந்தனீர்? மெழுகுதிரி மட்டுமோ?"

அவள் தேநீர்க் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"சொல்லும்."

"அந்த அணி தப்பினால் உங்களை நடக்க வைக்கிறன் எண்டு நேர்ந்தனான்."

"என்னையோ?"

"கடைசி இருபது கிலோமீற்றர். வெறுங்காலோட."

எங்கள் ஆட்களிடம் இந்த வழக்கம் உண்டு. பிள்ளையின் மொட்டை, புருஷனின் விரதம், எல்லாம் பெண்கள் மாதாவிடம் ஒப்புக்கொண்டு வந்துவிட்டுப் பிறகுதான் அறிவிப்பார்கள். கேள்வி கேட்க முடியாது. மாதாவுக்குக் கொடுத்த வாக்கு.

"நான் பத்துத்தான் நேர்ந்தனான்," என்றேன்.

"அது நீங்கள் தோக்கிறதுக்கு நேர்ந்தது. வெல்லுறதுக்கு இருபது."

"வெல்லேல்லையே! சமநிலை!"

பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்குள் என்ன சண்டை என்று கேட்டார். விளக்கினேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: சமநிலைக்கு ஒரு புள்ளி, வெற்றிக்கு மூன்று. ஆகவே இருபதில் மூன்றில் ஒன்றுதான் நடக்கவேண்டும். மனைவி அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் மகள் அழைத்தாள். பின்னால் ஆட்டக்காரர்கள் பாடும் சத்தம். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொன்னாள். நான் சந்தோசம் என்றேன், அது உண்மைதான், முழுவதும் இல்லை. பிறகு அவளிடமும் என் மெழுகுதிரியைப் பற்றிச் சொன்னேன்.

"அப்பா, பெரியவருக்கு இதைச் சொல்லட்டே? அடுத்த தாளில போடுவார்."

"வேண்டாம்!"

"போடத்தான் வேணும். வரலாறு எண்டால் எல்லாம் இருக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொல்லுறது."

போட்டுவிட்டார். இந்த வருட முதல் ஆட்டத்துத் தாளில் வந்திருக்கிறது. கடைசி வரியை மகள் இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்: 'தோற்கவேண்டும் என்று நினைத்தவரும் எழும்பி வந்து பார்த்தார். எங்கள் ஆதரவாளர்களில் பாதிப்பேர் அப்படித்தான்.'

அந்த இருபது கிலோமீற்றரை நடப்பதற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பின்னேரங்களில் லிப்பே ஆற்றங்கரையில் ஒத்திகை பார்க்கிறேன். முழங்கால் இப்போது உண்மையாகவே நோகிறது. மகள் பயிற்சி ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள், நாலாம் இலக்கம் தரையில் படுத்துச் செய்து காட்டுகிறார். ஒரு நாளைக்கு மூன்று தரம், ஒரு காலுக்குப் பதினைந்து. நானும் தரையில் படுத்துச் செய்கிறேன். பக்கத்தில் நின்று எண்ணுவது மனைவி. பன்னிரண்டுக்குப் பிறகு அவள் எப்போதும் திரும்பப் பத்தில் இருந்துதான் எண்ணுகிறாள்.